எந்தக் கதையில் இருக்கிறது நம்ம பிள்ளை?

சிறுவர் புனைகதை எத்தனை வகைப்படும் என்று கேட்டால் ஆய்வேடுகள் ஒரு பட்டியல் தரும். நீதிக்கதை, மாயாஜாலக் கதை, சாகசக் கதை, துப்பறியும் கதை, சரித்திரக் கதை, அறிவியல் கதை, சமூகக் கதை. எம்.ஏ. தமிழ் படித்தபோது நானும் இதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதியவள்தான். ஒவ்வொரு வகையும் எந்தக் காலத்தில், யார் வீட்டுப் பிள்ளைக்காகத் தமிழில் அச்சேறியது? அந்தக் கதைக்குள் சேரிப் பிள்ளைக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டது? வகுப்பில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. நாமாவது கேட்போம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு காலனியில் தோழர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறோம். வருகிற பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் இரும்பு உருக்குகிற கம்பெனிகளிலும் ரோலிங் மில்களிலும் கான்ட்ராக்ட் கூலிகள், ஹவுஸ்கீப்பிங் போகிற பெண்கள், செங்கல் சூளையில் அட்வான்ஸ் வாங்கிவிட்டு மாட்டிக்கொண்ட இருளர் குடும்பங்கள். சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகளும் சில மாதம் வந்து உட்காரும், சீசன் முடிந்ததும் மூட்டை கட்டிவிடும். ஒன்பதாவது பத்தாவது வந்ததும் பல பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். மேஸ்திரி வீட்டுக்கே வந்து ‘பையனை அனுப்பு, தினக்கூலி தர்றேன்’ என்கிறான். அந்த நேரத்தில் பிள்ளையின் கையில் புத்தகம் நிற்குமா, நழுவுமா என்பதுதான் எங்கள் கவலை. சந்தா பிரித்துக் கொஞ்சம் பணம் சேர்ந்தால் எந்தப் புத்தகம் வாங்குவது என்று எங்களுக்குள் சண்டை வரும். அந்தச் சண்டைதான் என்னைப் பழைய பட்டியலுக்குத் திரும்ப இழுத்தது.

நரியின் நீலச் சாயம்

முதலில் நீதிக்கதை. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நான்காகப் பகுக்கிறது. பொய்யாகப் புனைந்து சொல்வதும் சிரிக்கச் சொல்வதும் அதில் அடக்கம். அவற்றில் ஒரு பகுதி செவிலிக்கு உரியது என்றும் அது சொல்கிறது. கதை சொல்லுகிற வேலை அடுத்தவர் பிள்ளையை வளர்க்கிற பெண்ணின் தலையில் எவ்வளவு காலத்துக்கு முன்பே ஏற்றப்பட்டிருக்கிறது பாருங்கள். எங்கள் பக்கத்தில் பெரிய வீடுகளுக்குப் பிள்ளை பார்த்துக்கொள்ளப் போன ஆயாக்கள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைக்கு நிலாவைக் காட்டிக் கதை சொல்லிச் சோறு ஊட்டிவிட்டு ராத்திரி குடிசைக்குத் திரும்பும்போது சொந்தப் பிள்ளை தூங்கிப்போயிருக்கும்.

அச்சில் வந்த கதைகளின் தொடக்கம் இன்னும் வேடிக்கையானது. வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதை 1822இல் லண்டனில் அச்சானது. தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் 1826இல் சென்னைக் கோட்டைக் கல்லூரியைச் சார்ந்து வெளிவந்தது. அந்தக் கல்லூரி கும்பெனியின் இளம் வெள்ளை அதிகாரிகளுக்குத் தமிழ் கற்றுத்தர வைத்தது. நம்மை ஆள வந்தவன் மொழி பழகுவதற்காக அச்சான கதைகள்தான் பிறகு பள்ளிக்கூடப் பாடமாகி நம் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தன. பஞ்சதந்திரத்தின் உள்கட்டமைப்பும் அதுவேதான். மக்குப் பயல்களான ராஜகுமாரர்களுக்கு ஒரு பார்ப்பனப் பண்டிதர் ஆட்சித் தந்திரம் சொல்லிக்கொடுக்கிறார். ஆளப் பிறந்தவனுக்குச் சொன்ன பாடம் அது.

அதில் ஒரு நரி வரும். நாய்களுக்குப் பயந்து ஓடி நீலச் சாயத் தொட்டியில் விழும். நீல நிறத்தோடு காட்டுக்குப் போனால் சிங்கம் புலியெல்லாம் அதை ராஜாவாக ஏற்றுக்கொள்ளும். ஒருநாள் தூரத்தில் மற்ற நரிகள் ஊளையிடுவதைக் கேட்டுத் தன்னை மறந்து இதுவும் ஊளையிடும். சாயம் வெளுத்துப்போகும், அடித்துக் கொன்றுவிடும். பிறவிக் குணம் மாறாது என்பது நீதி. இந்தக் கதையை எங்கள் வகுப்பில் வாசித்தபோது ஏழாவது படிக்கிற ஒரு பெண், “அது சொந்தக்காரங்க கூப்ட்டதுக்கு பதில் சொல்லுச்சு. அதுல இன்னாக்கா தப்பு?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. நரி நரியாகவே ராஜாவாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று பஞ்சதந்திரம் கேட்காது. வருணத்தை விலங்குகளின் மேல் ஏற்றிச் சொல்வதற்குப் பெயர் நீதிக்கதை என்றால் நம் பிள்ளை அதற்குத் தலையாட்ட வேண்டியதில்லை. நீலம் நம் கொடியின் நிறம் என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

இப்படித் திருப்பிக் கேட்பது நமக்குப் புதிதும் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் முதலில் ஓதுகிற ஒளவையாரின் நூல்களையே கையில் எடுத்தார். ஆத்திசூடி என்று சொல்லாதே, அது ஆத்திச்சுவடி என்றார். சிவனைச் சூட்டிய விளக்கத்தைத் தள்ளிவிட்டு பௌத்த நோக்கில் உரை எழுதினார். அவர் சொன்ன எல்லாவற்றையும் நாம் ஏற்கிறோமா என்பது வேறு விவாதம். ஒரு குழந்தையின் கையில் விழுகிற முதல் ஏடே சாதிச் சண்டை நடக்கிற களம் என்று கண்டுகொண்டவர் அவர். கர்னல் ஆல்காட் 1894இல் அடையாறில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கிய காலத்தின் தொடர்ச்சியில் வைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். பள்ளிக்குள் காலை வைத்ததும் பாடப்புத்தகத்தின் மேல் கை வைத்தார்கள்.

எம்.சி. ராஜாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேடையில் அவரைச் சட்டமன்ற உறுப்பினராக, தலைவராகப் பேசுகிறோம். அவர் வாத்தியார் வேலை பார்த்தவர். ரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து அவர் ஆக்கிய ‘கிண்டர்கார்டன் ரூம்’ என்ற மழலையர் நூல் 1930இல் வந்தது. குழந்தைக் கவிதை வரலாறு எழுதுகிறவர்கள் கவிமணியிலிருந்தும் அழ. வள்ளியப்பாவிலிருந்தும் தொடங்குவார்கள். ராஜாவின் பெயர் எத்தனை வரலாறுகளில் இருக்கிறது என்று மாணவத் தோழர்கள் தேடிப் பார்க்க வேண்டும்.

சுடுகாட்டுக்கு வந்த ராஜாக்கள்

அடுத்தது மாயாஜாலக் கதை. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அம்புலிமாமாதான் தமிழ்க் குழந்தைக்கு இந்த வகையைப் பழக்கியது. 1952இல் சேர்ந்த ஓவியர் சங்கர் வரைந்த படம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தோளில் பிணம், கையில் வாள், விக்கிரமாதித்தன் சுடுகாட்டில் நடந்து வருவான். பிணத்துக்குள் இருக்கிற வேதாளம் கதை சொல்லும், கேள்வி கேட்கும், பதில் சொன்னதும் திரும்பவும் முருங்கை மரம் ஏறிவிடும்.

பிணம் தூக்குவது ராஜாவுக்கு வீரம். அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வெட்டியானின் பிள்ளைக்கு அந்தப் படம் எப்படித் தெரியும்? எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு பையனின் தாத்தா சாவுக்குப் பறை அடித்து, குழி வெட்டியவர். அவன் படத்தைப் பார்த்துவிட்டு, “இது எங்க தாத்தா தூங்குற எடம். அங்க வேதாளம்லாம் கெடையாதுக்கா, நாய்தான் இருக்கும்” என்றான். ஊர்ப்பிள்ளைக்குத் திகிலாக இருக்கிற இடம் அவனுக்குத் தாத்தாவுக்குச் சோறு கொண்டுபோகிற இடம். விக்கிரமாதித்தன் எத்தனை தடவை அந்தச் சுடுகாட்டுக்கு வந்து போனாலும் அங்கே வேலை செய்கிறவனை ஒருநாளும் சந்திப்பதே இல்லை.

அரிச்சந்திரன் கதை சந்திக்கிறது, ஆனால் எப்படி? ராஜ்யம் போய், மனைவி மகனை விற்று, கடைசியாக மயானம் காக்கிற வீரபாகுவுக்கு அடிமையாவது அவனுடைய துன்பத்தின் உச்சம். காந்தி சிறுவனாக அந்த நாடகத்தைப் பார்த்து உருகிப்போனதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எங்கள் திருவள்ளூர்ப் பக்கத்துத் தெருக்கூத்திலும் மயான காண்டம் என்றால் கூட்டம் அழும். ஒரு ராஜாவுக்கு வரக்கூடிய ஆகக் கேவலமான நிலைமை எதுவோ அதுதான் கூத்து பார்க்கிற பிள்ளையின் அப்பன் தினமும் செய்கிற பிழைப்பு. முதலில் இருப்பவன் ராஜாவுக்காக அழுகிறான், பின்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறவன் யாருக்காக அழ வேண்டும்? அயோத்திதாசர் ‘அரிச்சந்திரன் பொய்கள்’ என்று தலைப்பிட்டு எழுதியதற்குக் காரணம் இருக்கிறது.

மாயாஜாலமே வேண்டாம் என்று சில தோழர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பிள்ளைக்குப் பறக்கிற கம்பளம் வேண்டும். அந்தக் கம்பளம் புறப்படுகிற இடம் அரண்மனை மாடியாகவே இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. கழுமரம் ஏறிய காத்தவராயனும், செருப்புத் தைக்கிற வீட்டில் வளர்ந்த மதுரைவீரனும் நம் சனங்களின் மாயக்கதைகள். அதிலும் பிற்பாடு கை வைத்து மதுரைவீரனை ராஜா வயிற்றில் பிறந்தவனாக ஆக்கிவிட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சக்கிலிய வீட்டில் பிறந்தவனுக்கு வீரம் வராது என்று யாருக்கோ சங்கடமாக இருந்திருக்கிறது.

இரும்புக்கையும் தண்ணீர்ப் பானையும்

சாகசக் கதைக்கு வருவோம். இந்திரஜால் காமிக்ஸ் 1964இல் தொடங்கியது. காட்டுக்குள் இருக்கிற கறுப்பின மக்களுக்குப் பரம்பரை பரம்பரையாக நீதி வழங்குகிற முகமூடி போட்ட வெள்ளைக்காரன்தான் அதன் நாயகன். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் புத்தகமே இங்கிலாந்துப் படக்கதையான ‘இரும்புக்கை மாயாவி’. ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கையை இழந்தவனுக்கு இரும்புக் கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். ஒரு தலைமுறைப் பையன்கள் இதைப் பழைய பேப்பர் கடைகளில் தேடித் தேடிப் படித்தார்கள். நல்ல விறுவிறுப்பான கதைதான்.

எங்கள் காலனியில் பவர் பிரஸ்ஸில் விரல் போனவர்கள் இருக்கிறார்கள். ரோல் ஆகி வருகிற சிவந்த கம்பி பட்டுக் கை வெந்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு இழப்பீடு கேட்டுப் போனால் ‘எங்க ஆளே இல்ல, கான்ட்ராக்டரைக் கேளு’ என்று கம்பெனி கைகழுவியது. அவர் பையன் இரும்புக்கை மாயாவியைப் படித்துவிட்டு, “எங்க நைனாவுக்கும் கை போச்சு, அதுக்கப்பறம் அவரு யாரு கண்ணுக்கும் தெரியல” என்றான். சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கதையில் கண்ணுக்குத் தெரியாமல் போவது ஒரு சக்தி. இங்கே வருகைப் பதிவேட்டிலேயே இல்லாமல் இருப்பது ஒரு தொழிலாளியின் கதி. அந்தப் பையனை எழுதச் சொன்னால் அது தமிழில் இதுவரை வராத சாகசக் கதையாக இருக்கும்.

சாகசம் என்றால் பிள்ளைகள் வீட்டை விட்டுப் புறப்பட்டு, வழியில் ஆபத்தைச் சந்தித்து, புத்தியால் தப்பித்து வருவது. அப்படி ஒரு பயணத்தை அம்பேத்கர் எழுதியிருக்கிறார். 1901ஆம் வருசம், அவருக்குப் பத்து வயசுகூட இருக்காது. அப்பா கோரேகானில் வேலை பார்க்கிறார். அண்ணனும் அக்கா பிள்ளைகளுமாகப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு முதல் தடவையாக ரயில் ஏறுகிறார்கள். மசூர் ஸ்டேஷனில் கூட்டிப்போக ஆள் வரவில்லை, அவர்கள் எழுதிய கடிதம் அப்பாவுக்குச் சேரவில்லை. பிள்ளைகளின் உடுப்பைப் பார்த்து அன்பாகப் பேசிய ஸ்டேஷன் மாஸ்டர் மகார் என்று கேட்டதும் பின்வாங்குகிறார். இரண்டு மடங்கு கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரன் கூட நடந்து வருகிறான். கூடை நிறையச் சோறு இருக்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சுங்கச் சாவடியில் முஸ்லிம் என்று சொல்லிக் கேட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தாகத்தோடு பட்டினி.

ரயில், இருட்டு, மாட்டுவண்டி, பயம், பொய்ப்பெயர். சாகசக் கதைக்குரிய அத்தனை அம்சமும் இதில் இருக்கிறது. வில்லன் மட்டும் கொள்ளைக்காரன் இல்லை, ஒரு குவளைத் தண்ணீர் தராத சாதாரண மனிதர்கள். துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் என்ற கோண்டு ஓவியர்கள் 2011இல் வந்த ‘பீமாயணம்’ படநூலில் இதை வரைந்தார்கள். எங்கள் பிள்ளைகள் அதிகம் கிழித்த புத்தகம் அதுதான். புத்தகம் கிழிவது எங்களுக்கு சந்தோசம்.

சந்தேகப் பட்டியலில்

துப்பறியும் கதையைத் தமிழ்ச் சிறுவர்களிடம் கொண்டுபோனவர்களில் தமிழ்வாணன் முக்கியமானவர். அவருடைய கல்கண்டும், தேநீர் குடித்தபடியே துப்புத் துலக்குகிற சங்கர்லாலும் பள்ளிப் பிள்ளைகளை வாசகர்களாக்கியதை யாரும் மறுக்க முடியாது. இந்த வகைக்கு ஒரு நம்பிக்கை அடிப்படையாக இருக்கிறது. குற்றம் நடந்தால் போலீஸ் வரும், உண்மை வெளிவரும், நிரபராதி வீட்டுக்குப் போவான்.

இருளர் பிள்ளையிடம் இந்த நம்பிக்கையை எப்படி வைப்பது? சுற்றுவட்டாரத்தில் எங்காவது நகை காணாமல்போனால் ஜீப் முதலில் வருவது அவர்கள் குடிசைக்கு. ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி என்று எழுதிவைத்த குற்றப்பரம்பரைச் சட்டம் ஏட்டிலிருந்து போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன, ஸ்டேஷனிலிருந்து போகவில்லை. 1993இல் கடலூர்ப் பக்கம் நடந்த காவல் சாவையும் அதற்கான வழக்கையும் வைத்து 2021இல் ‘ஜெய்பீம்’ படம் வந்தபோது எங்கள் பிள்ளைகள் அதைத் துப்பறியும் கதையாகத்தான் பார்த்தார்கள். காணாமல்போனவனைத் தேடுகிறார்கள், பொய்ச்சாட்சி உடைகிறது, உண்மை வருகிறது. குற்றவாளி மட்டும் காக்கிச்சட்டையில் இருக்கிறான். அதே வகை, நிற்கிற இடம் மாறிவிட்டது. இடம் மாறினால் வகையே வேறொன்றாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பழவேற்காட்டு மௌனம்

சரித்திரக் கதை என்றால் கல்கி. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. இன்றைக்கும் பத்தாவது முடித்த பிள்ளை வாசிக்கிற முதல் பெரிய நாவல் பெரும்பாலும் அதுதான். குதிரை, கோட்டை, சுரங்கவழி, சதி. அந்தக் கோட்டைக்குக் கல் சுமந்தவனும், ஏரிக்கு மண் வெட்டியவனும் அதில் பேசுவதில்லை. சோழர் கல்வெட்டுகளில் தீண்டாச்சேரி என்ற சொல் வருகிறது. நாவலில் அந்தத் தெரு வரவில்லை.

சரி, எங்கள் பக்கத்தில் சரித்திரம் இல்லையா? பொன்னேரியிலிருந்து பஸ் ஏறினால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். கல்லில் மண்டை ஓடு செதுக்கிய அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள். வழிகாட்டுகிறவர்கள் துணி வியாபாரம் பற்றிச் சொல்வார்கள். அதே துறைமுகத்திலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் பல ஆயிரம் மனிதர்களை அடிமைகளாகக் கப்பல் ஏற்றினார்கள். இன்று ஜகார்த்தா என்கிற பத்தாவியாவுக்கும், இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து பிடித்த அடிமைகள் தென்னாப்பிரிக்க நன்னம்பிக்கை முனை வரைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். பஞ்சம் வந்த வருசங்களில் விற்பனை கூடியது, குழந்தைகளும் விற்கப்பட்டார்கள். பஞ்சத்தில் முதலில் பட்டினி கிடந்தது யார், விற்கப்பட்டது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? துணியின் சரித்திரம் கதையாயிற்று, துணியோடு ஏற்றப்பட்ட பிள்ளையின் சரித்திரம் ஒரு சிறுவர் நாவலாகக்கூட என் கண்ணில் படவில்லை.

இன்னும் கிட்டத்தில் பாருங்கள். இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997 வரை செங்கற்பட்டோடு சேர்ந்திருந்தது. அந்தச் செங்கற்பட்டில் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில அரசாணை வந்தது. அந்த நிலம் கைமாறிப் போனதும், மீட்கப் போராடியபோது 1994 அக்டோபர் 10ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டதும் நம் சரித்திரம். காரணை என்ற ஊர்ப்பெயர் பொன்னியின் செல்வன் படித்த எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

அறிவியல் கதைக்கும் இதே கணக்குதான். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் ‘துளிர்’ இதழைத் தொடங்கியது நல்ல காரியம். வேற்றுக்கிரகத்துக்குப் போகாமலே எங்கள் பிள்ளைகளுக்கு அறிவியல் கதை கிடைக்கும். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, மூச்சுமுட்டிய மீனவ சனங்கள் நடுராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அது எந்தக் கற்பனைக்குக் குறைந்தது? எந்தக் காற்று எந்தத் தெருவுக்கு வீசும்படி தொழிற்சாலை வைக்கப்படுகிறது என்பது ஒரு பிள்ளை கேட்கக்கூடிய அறிவியல் கேள்வி.

பள்ளிக்கூடத்து வாசலில்

கடைசியாக சமூகக் கதை. அழ. வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கினார். கண்ணன், பூஞ்சோலை, 1972இல் தொடங்கிய கோகுலம் எனப் பல இதழ்கள் வந்தன. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்தக் காலத்து ‘ஏழைச் சிறுவன்’ கதைகளை வரிசையாக வாசித்துப் பாருங்கள். வேலைக்காரி மகன் நேர்மையாக இருப்பான், கீழே கிடந்த பர்ஸைத் திருப்பிக் கொடுப்பான், முதலாளியம்மா மனம் இளகி அவனைப் படிக்கவைப்பாள். அவனுக்குப் பெயர் இருக்கும், வறுமை இருக்கும், தெரு இருக்காது, சாதி இருக்காது. யோக்கியன் என்று நிரூபித்த பிறகுதான் அவனுக்குப் பள்ளிக்கூடம்.

இந்த மூச்சுமுட்டலுக்கு நடுவில் ஒரு ஜன்னலைத் திறந்தவை சோவியத் நூல்கள். என்.சி.பி.எச். விற்ற அந்த மலிவுப் பதிப்புகளில் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ ஒன்று. அரைகுறையாகப் படித்த ஒரு இளைஞன் குதிரைக் கொட்டடியைச் சுத்தம் செய்து பள்ளிக்கூடம் ஆக்குகிறான், அநாதைச் சிறுமி அல்தினாய் அங்கே எழுத்துக் கற்கிறாள். கிர்கீசிய மலைக் கிராமத்துக் கதை எங்கள் மாலை வகுப்புக்கு உள்ளூர்க் கதையாகப் பட்டது. 1991க்குப் பிறகு அந்த வரத்து நின்றுவிட்டது.

நம் மண்ணில் அப்படி ஒரு பள்ளிக்கூடக் கதை இல்லாமல் இல்லை. பழைய செங்கற்பட்டு மாவட்டக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தை வெளியிட்டார். கோயம்புத்தூரில் படித்தபோது மற்ற பிள்ளைகள் சாதியையும் ஊரையும் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, மணி அடிக்கிற வரை வெளியே உட்கார்ந்து படித்துவிட்டுப் பிறகு உள்ளே போனதை எழுதியிருக்கிறார். விளையாடக் கூட்டு இல்லை. தமிழில் பள்ளிக்கூடக் கதை என்ற வகையை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். அதற்குப் பிறகு பாமாவின் ‘கருக்கு’ (1992), கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ (2005) என்று ஒரு வரிசையே வந்துவிட்டது. பூமணியின் ‘வெக்கை’ (1982) பதினைந்து வயசுப் பையன் அப்பாவோடு காட்டில் தலைமறைவாக அலைகிற கதை. இளையோர் நாவல் என்று யாரும் அதற்கு முத்திரை குத்தவில்லை. எங்கள் ஒன்பதாவது வகுப்புப் பையன்கள் குத்திவிட்டார்கள்.

சிறுவர் இலக்கியம் எழுதுகிறவர்களும் அசையத் தொடங்கியிருக்கிறார்கள். இரா. நடராசனின் ‘ஆயிஷா’ வகுப்பறையின் கொடுமையைச் சொன்னது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பிள்ளைகள் மேல் நடக்கும் பாலியல் அத்துமீறலைப் பேசியது, 2020இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’ பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டுகிற சாதிக் கயிற்றைத் தொட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பிள்ளைகள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்து, கயிறு உள்ளிட்ட சாதி அடையாளங்களைத் தடைசெய்யச் சொன்னது. அரிவாள் எடுத்த பிள்ளைகளும் பஞ்சதந்திரம் படித்தவர்கள்தான், ஏழைச் சிறுவன் கதை படித்தவர்கள்தான். சேரிப் பிள்ளை நாயகனாக, புத்திசாலியாக, கோபக்காரனாக, தப்புச் செய்கிறவனாக, சாதாரணமாக வருகிற ஒரு கதைகூட அவர்கள் கையில் கிடைத்திருக்காது. நம் பிள்ளைக்கு மட்டுமல்ல, ஊர்ப்பிள்ளைக்கும் நம் கதைகள் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

என்ன செய்யலாம்

தெலுங்கில் ஒரு முயற்சி நடந்தது. ஐதராபாத் அன்வேஷி அமைப்பு 2008இல் ‘வேறுபட்ட கதைகள்’ என்ற பொருளில் ஒரு வரிசை கொண்டுவந்தது. தலித், இஸ்லாமிய, உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளின் கதைகள். அதில் கோகு சியாமளா எழுதிய கதையில் ராமாயணத்து அரக்கியான தாடகையின் பெயர் ஒரு சிறுமியின் வெற்றிக்குச் சூட்டப்பட்டது. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா, அந்த மொழி எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் பேசுகிற மொழி. இங்கே அதைச் செய்ய முடியாதா?

பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் சின்னச்சின்ன கதைப்புத்தகங்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நாலு படியாகப் பிரித்துக் கொடுத்தது. அரசு செய்ததில் உருப்படியான காரியம். வாசிக்கும் திறனுக்கு அது நல்ல படிக்கட்டு. எந்தத் தெருப் பிள்ளை எந்தக் கதைக்குள் நுழைகிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை ஆரம்பித்திருக்கிறோம். வகைகளைத் தூக்கி எறியவில்லை, பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். சுடுகாட்டுத் தாத்தாவின் பேரன் மாயக்கதை எழுதுகிறான். அதில் வேதாளம் கேள்வி கேட்கிறது, தாத்தா பதில் சொல்கிறார், ராஜா ஓரமாக உட்கார்ந்து கேட்கிறான். நரிக்காகப் பேசிய பெண் நீலநரியின் கதையை நரிகள் பக்கத்திலிருந்து எழுதுகிறாள். கும்மிடிப்பூண்டி இலங்கை அகதி முகாமிலிருந்து வருகிற ஒரு பிள்ளை பாட்டி கடல் தாண்டிய கதையை எழுதுகிறது. ஒடியாப் பிள்ளைகள் படமாக வரைகிறார்கள். பழவேற்காட்டுக் கதையை எழுதத்தான் இன்னும் ஆள் இல்லை. பெரியவர்கள் கொஞ்சம் ஆவணம் தேடித் தர வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆய்வேட்டில் சிறுவர் இலக்கிய வகைகள் என்று தலைப்பு வைத்தால் ஒவ்வொரு வகைக்கும் கீழே, இதில் சேரிப் பிள்ளைக்கு என்ன வேலை என்று ஒரு இயல் எழுதுங்கள். எழுத்தாளத் தோழர்களே, ஆயாக்களும் தாத்தாக்களும் உயிரோடு இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேட்டு, பன்னிரண்டு வயசுப் பிள்ளை வாசிக்கிற தமிழில் எழுதித் தாருங்கள். மேஸ்திரி வாசலில் வந்து நிற்பதற்கு முன்னால் அது எங்களுக்கு வேண்டும்.